பரவிய இடத்திலும் திசு எடுத்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் பரவுவதில் மரபணுக்களின் பங்கு குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, நோய் ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதைத் தெளிவாக விளக்கியது. ஆனால், பரவிவிட்டது என்று தெரிந்ததும் நோயாளி மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதில் விடுபட்டுவிட்டது.

என் அக்காவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்துக் கல்லீரலில் நோய் தென்பட்டது. நாங்கள் போன மருத்துவமனையில், ஓரம் நைந்த பழைய கோப்பில் இருந்த முதல் பயாப்ஸி அறிக்கையை வைத்தே மருந்து எழுதினார்கள். 'ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு, ஹெர்-2 இல்லை' என்ற அந்த ஒற்றை வரிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலைப் பெறும் புரதமே அந்த ஏற்பி; ஹெர்-2 என்பது புற்றுநோய் செல்களைப் பெருகத் தூண்டும் இன்னொரு புரதம். பத்து மாதங்களுக்குப் பிறகு வேறொரு மருத்துவர் கல்லீரலில் ஊசி செலுத்தித் திசு எடுத்துப் பார்த்தபோது, ஹெர்-2 உண்டு என்று வந்தது. அதற்கான டிராஸ்டுசுமாப் 1998 முதலே பயன்பாட்டில் உள்ள மருந்து என்று பிறகு அறிந்தபோது, வீணாய்ப்போன அந்தப் பத்து மாதங்களை நினைத்து நெஞ்சு பதைத்தது.

மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் உடற்கூறாய்வுக் குறிப்புகளை ஆராய்ந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், புற்றுநோய் செல் என்னும் விதை எங்கும் சிதறினாலும் தனக்கேற்ற உறுப்பு என்னும் மண்ணில்தான் முளைக்கும் என்று 1889-இல் எழுதினார். போகும் வழியில் அந்த விதையே மாறிவிடக்கூடும் என்பது இன்று தெரிந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை உருவாக்கும் இ.எஸ்.ஆர்.1 மரபணுவின் பிறழ்வு முதல் கட்டியில் அரிது. உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைக்கும் அரோமட்டேஸ் தடுப்பி மாத்திரையை நெடுநாள் உட்கொண்டவர்களிடம், பரவிய நோயில்தான் அது பெரும்பாலும் தலைகாட்டுகிறது. ஹார்மோன் இல்லாமலேயே ஏற்பியை இயங்கச் செய்துவிடுவதால் மாத்திரைக்குப் பலன் குன்றுகிறது. இந்தப் பிறழ்வு உள்ளவர்களுக்கென எலாசெஸ்ட்ரன்ட் என்னும் மருந்துக்கும், பிறழ்வை இரத்தத்திலேயே கண்டறியும் பரிசோதனைக்கும் அமெரிக்காவில் 2023 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. பழைய அறிக்கையை எத்தனை முறை புரட்டினாலும் இத்தகைய மாற்றம் அதில் இருக்காது.

மூளை போன்ற இடங்களில் திசு எடுப்பது எளிதல்ல என்பதை அறிவேன். இரத்தப் பரிசோதனையில் பிறழ்வு தென்படாவிட்டால் அது இல்லவே இல்லை என்றும் கொள்ள முடியாது. எனினும், எடுக்க இயலும்போது எடுத்துப் பார்ப்பதும், இயலாதபோது காரணத்தை நோயாளியிடம் சொல்வதும் மருத்துவரின் கடமை. "பரவிய இடத்தில் திசு எடுத்தீர்களா?" என்ற கேள்வியைத் தங்கள் இதழ் கட்டம் கட்டி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி