அழுகைக்கும் அனுமதி வாங்க வேண்டுமா? குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஃப்ரீசர் பெட்டி வண்டி எங்கே நிற்க வேண்டும், உடலை எந்தப் படி வழியாக இறக்க வேண்டும் என்பதெல்லாம் சரி. இத்தனை குடும்பங்கள் இருக்கும் இடத்தில் அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும்தான். என் மறுப்பெல்லாம் ஐந்தாவது விதிக்கு. பறை, ஒப்பாரி, உரத்த அழுகை மூன்றுக்கும் தடை. துக்கத்தை நாகரிகமாக அனுசரிக்க வேண்டுமாம்.

பறைக்கு நேரம் வகுத்தால் போதும். ஒலிபெருக்கி என்றால் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. ஆனால் தாயைப் பறிகொடுத்தவளின் தொண்டை ஒலிபெருக்கி இல்லையே.

ஆண்பிள்ளை அழலாமா, படித்தவர்கள் இப்படிக் கதறலாமா என்பதெல்லாம் காலங்காலமாக இருக்கிற வழக்கம்போல உங்களுக்குத் தோன்றலாம். புறநானூற்றின் 245ஆம் பாட்டைப் பாருங்கள். சேரமான் மாக்கோதை, ஓர் அரசன், தன் மனைவியைச் சிதையில் வைத்துவிட்டு, அவள் போன பிறகும் நான் உயிரோடு இருக்கிறேனே என்று புலம்புகிறான். யாரும் அவனை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், 'கட்டுப்படுத்திக்கோ' என்று சொன்னதாகப் பாட்டில் இல்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லும்போது நகைக்கு அடுத்து அழுகையை வைத்து, அதற்கு இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை என்று நான்கு காரணமும் சொல்கிறது. அழுகைக்கு ஆண், பெண் என்ற கணக்கு அங்கே கிடையாது. இன்றைக்கும் வடசென்னையில் சாவு வீட்டில் இரவெல்லாம் உட்கார்ந்து மரண கானா பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான்.

ஒப்பாரியை வெறும் கூச்சல் என்று நினைப்பவர்கள் ஒருமுறை காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து பெண்கள் பாடுவதில் பாதி செத்தவரைப் பற்றியது, மீதி உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது. சீர் செய்யாத அண்ணன், எட்டிப் பார்க்காத மருமகள், பிறந்த வீட்டில் இனி எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி. வேறு எங்கேயும் வாய் திறக்க முடியாத ஒருத்தி, அத்தனை உறவும் கூடியிருக்கும் இடத்தில், ராகம் போட்டுச் சொல்லிவிடுவாள். யாரும் அவளைத் தடுக்க முடியாது. அப்புறம் காப்பித் தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்தவளுக்கு இடம் விடுவாள்.

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பண்ணையார் வீட்டுச் சாவுக்குச் சேரிப் பெண்கள் வந்து மாரடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருந்த ஊர்கள் உண்டு. பறையடிக்க மறுத்ததற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. புருஷனை இழந்தவளைக் கூட்டத்தின் நடுவே உட்கார வைத்து வளையலை உடைத்தார்கள். கண்ணீர் வராத மருமகளுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பட்டம் கட்டினார்கள். அதெல்லாம் ஒழியட்டும். அன்றைக்கு அழுதே தீரவேண்டும் என்று அதிகாரம் செய்தார்கள். இன்றைக்கு அழவே கூடாது என்று நீங்கள் செய்கிறீர்கள்.

கல்யாணத்தைப் பாருங்கள். குனிந்த தலை நிமிராமல், புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது அழுதால்தான் பெண் அடக்கமானவள் என்றிருந்தது. இப்போது மணமகள் ஆடிக்கொண்டே மண்டபத்துக்குள் நுழைகிறாள். முதலில் முகம் சுளித்த பெரியவர்களே இப்போது செல்போனில் படம் பிடிக்கிறார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது. 2024இல் இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்ற இரவு நம் வளாகத்தில் எழுந்த கூச்சலுக்கு எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை. பாட்டுப் போட்டி நிகழ்ச்சியில் நடுவர்கள் தேம்பினால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம். அடுத்த வீட்டு அழுகைதான் நமக்கு ஆகவில்லை.

சத்தத்தின் மேல் மட்டும் பழி போடவும் முடியாது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை உடல் ஃப்ரீசர் பெட்டியில் கிடக்கிறது. முகத்தைத் தொட்டு அழ முடியாமல் கண்ணாடி நடுவில் நிற்கிறது. வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் வரிசையாக விழுகிறது, நானும் போடுகிறேன். துக்கம் இப்படித் தானாகவே அடங்கிக்கொண்டு வரும்போது அதற்கு மேல் ஒரு விதியும் எதற்கு? வீட்டுக்காரர்கள் அமைதியை விரும்பினால் அமைதியாக இருக்கட்டும். ஊரிலிருந்து வரும் அவர்களுடைய அத்தை வாசலிலேயே 'என்னைப் பெத்த அம்மா' என்று கதறினால், அவளிடம் காவலாளியை அனுப்பாதீர்கள்.

நான் கேட்பது இரண்டு. ஐந்தாவது விதியில் ஒப்பாரி, உரத்த அழுகை என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். பிறந்தநாளுக்கு வாடகைக்கு விடும் தரைத்தள ஹாலைச் சாவு வீட்டாருக்கு ஒரு பகல் வாடகையில்லாமல் கொடுங்கள், நாற்காலியும் குடிதண்ணீரும் சேர்த்து. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்றால் பக்கத்து வீட்டாரே பேசிக்கொள்வார்கள். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். அதுவரை அந்தச் சுற்றறிக்கையை எடுத்து வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவர்