பாட்டுகள் கிடைத்துவிட்டன

அன்புள்ள நண்பா,

நலம், நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரண்டு ஆண்டுகள் ஒரு வரியும் எழுதாமல் இருந்தது என் தவறுதான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. 2004 கோடை விடுமுறையில் நாம் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று சேகரித்த ஒப்பாரிகளும் நடவுப் பாட்டுகளும் கிடைத்துவிட்டன.

நீ அவற்றைத் தட்டச்சு செய்து வைத்த அந்தக் கணினி எங்கள் பரணில்தான் கிடந்தது. மின்சாரம் கொடுத்தால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். திறந்து பார்த்தேன், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுப் பலகையில், மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கசிந்திருந்தன. அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றுக்கும் நேர்ந்த கேடு அது. பழுதுபார்க்கும் கடைக்காரர், கோப்புகள் இருக்கும் ஹார்டு டிஸ்கைக் கழற்றித் தம் கணினியில் மாட்டி, "ஃபார்மட் செய்யவா?" என்று திரை கேட்டதும் யோசிக்காமல் 'ஆம்' என்பதை அழுத்தப் போனார். டிஸ்கையே வெறுமையாக்கிவிடும் வேலை அது; நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. மதர்போர்டு போனால் கோப்புகளும் போயின என்று எத்தனை வீடுகளில் நம்பிப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள்!

பிறகு நானே இறங்கினேன். அது ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை டிஸ்க். யூஎஸ்பி தரும் 5 வோல்ட் அதற்குப் போதாது, 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால், தனி அடாப்டர் உள்ள இணைப்பியாகத் தேடி வாங்கினேன். நேரடியாகக் கோப்புகளை இழுத்துப் போட்டபோது பாதியிலேயே உறைந்து நின்றது. பழுதான இடத்தையே திரும்பத் திரும்பப் படிக்க வைத்தால் மீதியும் கெட்டுவிடக்கூடும் என்பதால் உடனே நிறுத்திவிட்டு, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நிரலைக் கொண்டு முழு டிஸ்கையும் ஒரே பிம்பமாக, அதாவது உள்ளதை உள்ளபடியே ஒரே கோப்பாக, நகலெடுத்தேன். அது முதலில் எளிதாகப் படிக்க வரும் பகுதிகளை எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருகிறது; எதுவரை எடுத்தது என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் இருமுறை மின்சாரம் போனபோதும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. இரண்டு இரவுகள் அதன் பக்கத்திலேயே படுத்திருந்தேன்.

பிம்பத்திலிருந்து ஒரு பாட்டுக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடந்தன. கெட்டுப்போயிற்று என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு உற்றுப் பார்த்தபோது, மெய்யெழுத்தின் புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நிற்பதைக் கண்டேன். பாமினி! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு. நீ பிடிவாதமாக அந்த எழுத்துருவில்தான் தட்டச்சு செய்வாய் என்பதே மறந்துவிட்டது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றியதும் "மானே மரகதமே" என்று முதல் வரி எழுந்து வந்தது. நான் அழுதுவிட்டேன்.

முப்பத்தெட்டுக் கோப்புகளில் முப்பத்தேழு முழுமையாக இருக்கின்றன. இல்லாத ஒன்று மேலத்தெருப் பாட்டியுடையது. வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது என்று நம்மை வாய்க்கால் கரைக்கு அழைத்துப்போய், இறந்த மகனை நினைத்து அவர் பாடியது. அந்தக் கோப்பு பழுதான இடத்தில் இருந்திருக்கிறது; பிம்பத்தில் அங்கே வெற்றிடம்தான். அவரும் இன்று இல்லை.

அந்தப் பாட்டை நாம் கேசட்டில் பதிவு செய்தோம், அது உன்னிடம் இருக்கிறது. அதன் மறுபக்கத்தில் நீ கிரிக்கெட் வர்ணனையைப் பதிவு செய்தது எனக்கு நினைவிருக்கிறது. இந்தப் பக்கத்தையாவது விட்டுவைத்திருப்பாய் என்று நம்புகிறேன். கிடைத்ததும் முதுகு விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடு, அதன்மேல் எதுவும் பதிவாகாது. உன் மாமாவின் பழைய ரெக்கார்டரில் மட்டும் போட்டுவிடாதே, அது நாடாவை இழுத்துச் சிக்கவைத்துவிடும். அஞ்சலிலும் அனுப்ப வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய மிதிவண்டித் துணை