தம்பி இங்கே வரலாமா?

லியோன், பிரான்ஸ்
9 நவம்பர் 2025

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாடி போட்டாச்சு என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அப்பாவின் கால்வலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? அடுத்த முறை மறக்காமல் எழுது.

தம்பியை இங்கே படிக்க அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் பணக் கணக்கு, அப்பா அதைத்தானே கேட்பார். அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க, இந்த 2025-26 கல்வியாண்டில் ஐரோப்பியப் பிள்ளைகள் வருடத்துக்கு 254 யூரோ கட்டுகிறார்கள். 2019-இல் வந்த விதியால் நம்மைப் போன்றவர்களுக்கு அது நாலாயிரத்தை நெருங்குகிறது. சில இடங்களில் தள்ளுபடி உண்டு, விண்ணப்பிக்கும் முன்பே விசாரிக்கச் சொல். வருடத்துக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம். கைச்செலவுக்கு ஆகும், ஃபீஸுக்கு அதை நம்பி வர வேண்டாம். வீட்டுக்காரர் வாடகைக்கு ஜாமீன் கேட்டால் பயப்படத் தேவையில்லை. விசால் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, மாணவர்களுக்கு இலவசமாகவே ஜாமீன் நிற்கும்.

அப்புறம், பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார். என்னுடையதில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர். அதனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "மதாம் கணேசன்!" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பாவைக் கூப்பிட்டால் நான் எழுந்து போகப் பழகிவிட்டேன்.

இதெல்லாம் எப்படியோ நடந்துவிடும். நான் சொல்ல வந்தது மதியச் சாப்பாட்டைப் பற்றி. பல்கலைக்கழக உணவகத்தில் மலிவாக முழுச் சாப்பாடு கிடைக்கும். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டும்: துருவிய கேரட், ஒரு குழம்பு வகையறாவோ மீனோ, தயிரோ பழமோ, கூடவே ரொட்டி. உப்பு, காரம் பற்றிப் பேசாதே. நம் கல்லூரி மெஸ்ஸில் பத்து நிமிடத்தில் கை கழுவிவிடுவோமே, இங்கே ஒருவர் சாப்பிட்டு முடித்தாலும் எழுந்து போக மாட்டார். கடைசி ஆள் முடிக்கும் வரை பேச்சுதான். ஓய்வூதிய வயது, அடுத்த வேலைநிறுத்தம், யார் வீட்டுப் பாட்டி எந்தப் பாலாடைக்கட்டி வாங்குவாள்... மதியம் சாப்பிட்டுக்கொண்டே ராத்திரி என்ன சமைக்கலாம் என்று அவ்வளவு ஆர்வமாகப் பேசுவார்கள்!

என் வகுப்பில் பாதிப் பாடம் ஆங்கிலத்தில். அதை நம்பி வந்த இரண்டு மூன்று பேர் பாடத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையில் பேச்சு பிரெஞ்சில் ஓடும்போது போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் ஒதுக்கவில்லை, ஆனால் பேச்சின் வேகத்துக்கு யாரும் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கவும் மாட்டார்கள். யாரிடம் நல்ல நோட்ஸ் இருக்கிறது, எங்கே அறை காலியாகிறது, எந்த ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் தேடுகிறார்கள், எல்லாம் அங்கேதான் காதில் விழும். எனக்கு இப்போதிருக்கும் இன்டர்ன்ஷிப்கூட அப்படி வந்ததுதான்.

அதனால் என் அபிப்பிராயம் இது: அடுத்த வருடமே அனுப்ப அவசரப்படாதீர்கள். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி என்ன தூரம்? அங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழிப் பள்ளியில் சேர்ந்து, சரளமாகப் பேசும் அளவான பி2 நிலை வரை முடிக்கட்டும். ஆங்கிலப் பாடத்திட்டம்தானே என்று ஏஜென்ட் சொன்னால் தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மதிப்பெண்ணையும் முன்கூட்டியே சொல்லி வை. இங்கே 20-க்குப் 10 எடுத்தால் பாஸ், 14 எடுத்தால் நல்ல மாணவன். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கியே பழகிய பிள்ளை, இடிந்து போய்விடப் போகிறான்.

கறிவேப்பிலைக்கு என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டார்களாமே. பாரிஸ் போகும்போது அங்கே லா ஷப்பல் பகுதியில் இருக்கும் ஈழத்தமிழர் கடைகளில் வாங்கி வருகிறேன். "என்ன பிள்ளை, மெலிஞ்சு போனீர்" என்று கடைக்கார அம்மா கூடவே ஒரு வடையும் கையில் திணிப்பார்.

தம்பியை வரும் ஞாயிற்றுக்கிழமை என்னுடன் பேசச் சொல். குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள், இப்போது நாலரை மணி நேர வித்தியாசம். உங்களுக்கு ராத்திரி எட்டு மணி என்றால் எனக்கு மாலை மூன்றரை, அறையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
கவிதா