யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு கணக்கு பாக்காதீங்க: டோட்டன்ஹாம் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

டோட்டன்ஹாம் (ஸ்பர்ஸ்) கால்பந்து கிளப்ப கையில வச்சிருக்குற லூயிஸ் குடும்பத்தாருக்கும், எனிக் கம்பெனி நிர்வாகத்துல இருக்குற எல்லாருக்கும்,

வணக்கம். நான் சிங்கப்பூர்ல ஈசூன் பக்கம் ஒரு வீவக அடுக்குமாடி வீட்ல இருக்குறவன். லண்டனுக்கு ஒரு தடவ கூட வந்ததில்ல, பழைய ஒயிட் ஹார்ட் லேன இடிச்சதையும் டிவியிலதான் பாத்தேன், புது ஸ்டேடியத்தையும் டிவியிலதான் பாக்குறேன், ஆனா இருவது வருஷத்துக்கு மேல ராத்திரி தூக்கத்த உங்க டீமுக்கு குடுத்துருக்கேன். சாம்பியன்ஸ் லீக்னா, அதான் ஐரோப்பாவோட பெரிய கிளப் போட்டி, எங்களுக்கு விடியக்காலை மூணு நாலு மணி. பாத்து முடிச்சிட்டு குளிச்சிட்டு நேரா எம்ஆர்டி ரயில் புடிச்சி வேலைக்கு போனவங்க இந்த ஊர்ல எத்தன பேர் இருக்கோம்னு உங்களுக்கு தெரியாது. அதனாலதான் எழுதுறேன். திட்றதுக்கு இல்ல, கேக்குறதுக்கு.

2019 ஜூலை 21, காலாங் நேஷனல் ஸ்டேடியம். யுவென்டஸோட ஆட்டம், கடைசி நிமிஷம், 2-2. ஹேரி கேன் நடுக்கோட்லேர்ந்து ஒரு அடி அடிச்சாரு பாருங்க, பந்து கோல்கீப்பர் தலைக்கு மேல போயி வலைக்குள்ள விழுந்துச்சு. என் பக்கத்து சீட்ல இருந்தவர் யாருன்னே தெரியாது, ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சி கத்துனோம். வெறும் பயிற்சி ஆட்டம்தான், ஆனா அந்த கோல நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

நாலு வருஷம் கழிச்சி 2023 ஜூலை 26, அதே ஸ்டேடியம், இந்த தடவ நம்ம லயன் சிட்டி செய்லர்ஸோட. என் மகள கூட்டிட்டு போனேன், முதுகுல கேன் பேரும் 10ம் போட்ட ஜெர்சி. கேன் பெனால்டில ஒரு கோல் போட்டாரு, 5-1ன்னு ஜெயிச்சோம். சரியா 17 நாள் கழிச்சி அவரு பயர்ன் மியூனிக் ஆளு. 280 கோல் போட்ட மனுஷன், கிளப் வரலாற்றுலயே அதிகம். போனதுக்கு அவர நான் குத்தம் சொல்லவே மாட்டேன், முப்பது வயசுல ஒரு கப் கூட இல்லாம எத்தன நாள்தான் காத்திருப்பாரு. ஆனா அவரு போனதுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க? அந்த இடத்துக்கு முழு நேர ஸ்ட்ரைக்கரா, அதான் முன்னாடி நின்னு கோல் போடுற ஆளா, சொலாங்கிய கொண்டு வந்தது 2024 ஆகஸ்ட்ல. முழுசா ஒரு வருஷம்! சோனும் ரிச்சார்லிசனும் மாத்தி மாத்தி அந்த இடத்த அடைச்சாங்க. 66 பாயிண்ட் எடுத்து அஞ்சாவதா வந்தோம். ஒரே ஒரு எடம் மேல வந்துருந்தா சாம்பியன்ஸ் லீக். அந்த ஒரு வருஷம் ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர் இருந்திருந்தான்னு நெனச்சி நெனச்சி இன்னும் எனக்கு வயிறு எரியுது.

எங்கம்மா தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்குறத சின்ன வயசுலேர்ந்து பாத்துருக்கேன். பேரம் பேசுவாங்க, நல்லாவே பேசுவாங்க, ஆனா கண்ணு மட்டும் பின்னாடி யாரு வந்து நிக்குறாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கும். நல்ல கொடுவா ஒன்னு கெடக்கு, பின்னால இன்னொரு அம்மா கூடையோட நிக்குதுன்னா, கேட்ட வெலைய குடுத்து பையில போட்டுருவாங்க, அம்பது காசுக்காக மீன விட மாட்டாங்க. உங்க கிட்ட இல்லாதது இந்த ஒன்னுதான்.

எபெரெச்சி ஏஸெங்குற ஆட்டக்காரர வாங்கப் போன விஷயத்தயே எடுத்துக்குங்க. 2025 ஆகஸ்ட்ல பேச்சுவார்த்தை நடந்துச்சு, நடந்துச்சு, நடந்துக்கிட்டே இருந்துச்சு, முடிஞ்ச மாதிரின்னு நாங்கல்லாம் நம்பிட்டோம், ஆர்சனல்ல ஹாவெர்ட்ஸுக்கு அடிபட்டுச்சு, அவங்க வந்தாங்க, பணத்த வச்சாங்க, தூக்கிட்டு போயிட்டாங்க. அப்புறம் நவம்பர் 23, ஆர்சனலோட எமிரேட்ஸ் ஸ்டேடியத்துல ஆட்டம், இங்க நடு ராத்திரி பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சது. அதே ஏஸெ நமக்கு எதிரா மூணு கோல். 4-1. மூணாவது கோல் விழுந்தப்போ நான் டிவிய ஆஃப் பண்ணல, ஆஃப் பண்ண மனசு வரல, சத்தத்த மட்டும் கொறச்சிட்டு உக்காந்திருந்தேன், வீட்ல எல்லாரும் தூங்குறாங்கல்ல.

இது இன்னைக்கு நேத்து கதையா? 2013ல வில்லியன் நம்ம கிட்ட சேர்றதுக்கான மருத்துவ பரிசோதனையே முடிச்சிட்டு செல்சிக்கு போனாரு. 2018ல ஆஸ்டன் வில்லா காசில்லாம தவிச்சப்போ கிரீலிஷ எடுத்திருக்கலாம், வெலைய கொறச்சி கொறச்சி கேட்டுக்கிட்டே இருந்தோம், அதுக்குள்ள அவங்களுக்கு புது முதலாளி வந்துட்டாங்க, கதவ சாத்திட்டாங்க. 2022 ஜனவரில லூயிஸ் டியாஸ நாம கேட்டோம், லிவர்பூல் கொண்டு போச்சு. ஒவ்வொன்னா பாத்தா ஏதோ துரதிர்ஷ்டம்னு தோணும். பத்து வருஷமா திரும்பத் திரும்ப நடந்தா அதுக்கு பேரு பழக்கம்.

சிக்கனமா இருக்குறதே தப்புன்னு நான் சொல்லல, நியாயத்த பேசணும்ல. எம்கே டான்ஸ் கிளப்லேர்ந்து 5 மில்லியன் பவுண்டுக்கு டெலி அலிய எடுத்தீங்க, எரிக்சன சுமார் 11 மில்லியனுக்கு எடுத்தீங்க, அதெல்லாம் கெட்டிக்காரத்தனம். 2016-17ல 86 பாயிண்ட், ரெண்டாவது எடம், பழைய ஸ்டேடியத்தோட கடைசி சீசன்ல அங்க லீக்ல ஒரு ஆட்டம் கூட தோக்கல. என் வாழ்க்கையில நான் பாத்த சிறந்த ஸ்பர்ஸ் டீம் அதுதான். அந்த டீம் மேல இன்னும் ரெண்டு மூணு நல்ல ஆளுங்கள போட்டுருந்தா போதும். அப்ப கோச்சா இருந்த பொச்செட்டினோ வெளிப்படையாவே சொன்னாரு, துணிஞ்சி ரிஸ்க் எடுக்கணும்னு. நீங்க 2018 கோடையில ஒருத்தர கூட எடுக்கல, டிரான்ஸ்பர் விண்டோ முறை, அதான் குறிப்பிட்ட மாசங்கள்ல மட்டும் ஆள் வாங்கலாம் விக்கலாம்ங்குற முறை, வந்ததுலேர்ந்து எந்த பிரீமியர் லீக் கிளப்பும் அப்டி செஞ்சதில்ல. அடுத்த ஜனவரிலயும் எடுக்கல, அதுக்கு மேல மூசா டெம்பெலேய சீனாவுக்கு வித்தீங்க, அவரு இடத்துக்கு ஆளில்ல. அதுக்கு முன்னாடி கடைசியா எடுத்த லூக்காஸ் மோராவுக்கும் அடுத்து வந்தவங்களுக்கும் நடுவுல 517 நாள். அந்த டீம்தான் எல்லாத்தயும் மீறி மாட்ரிட்ல சாம்பியன்ஸ் லீக் பைனல் வரைக்கும் போச்சு. அரைகுறையா காயம் ஆறுன கேன இறக்கி, ஆட்டம் தொடங்கி அரை நிமிஷத்துக்குள்ள பெனால்டி குடுத்து, 2-0ன்னு தோத்தோம். விடியக்காலை அஞ்சு மணிக்கு காப்பிக்கடையில அம்பது பேர் உக்காந்திருக்கோம், ஒருத்தர் வாயிலயும் பேச்சில்ல, தே தாரிக் கிளாஸ எடுக்க வந்த அண்ணன் கூட மெதுவா எடுத்து வச்சிட்டு போனாரு.

சரி, ஸ்டேடியம் கட்டுனோம், அதான் கைய இறுக்கிக்கிட்டோம்னு சொன்னீங்க. நம்புனோம். சுமார் 100 கோடி பவுண்டு செலவு, 62,850 சீட்டு, உலகத்துல அதவிட அழகான பந்து ஸ்டேடியம் கெடையாதுன்னு நானே எல்லார் கிட்டயும் பெருமையா சொல்லிருக்கேன். அமெரிக்க பந்தாட்டம் நடக்குது, பியான்சே வந்து பாடுறாங்க, அடியில கோ-கார்ட் ரேஸ் ட்ராக் கூட இருக்கு. வருமானமும் வந்துச்சு, 2023-24ல 528 மில்லியன் பவுண்டு. ஆனா அந்த வருஷம் சம்பளமா போனது சுமார் 222 மில்லியன். வருமானத்துல 42% தான். நாம மேல புடிக்க நெனக்குற கிளப்புங்க எல்லாம் சம்பளத்துக்கு இதவிட ரொம்ப ரொம்ப அதிகமா குடுக்குறாங்க. யானை வாங்க காசிருக்கு, அங்குசம் வாங்க காசில்லங்குற பழமொழி இதுக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு.

ரிச்சார்லிசனுக்கு 60, சொலாங்கிக்கு 65 மில்லியன் போட்டோமே அது செலவில்லயான்னு கேப்பீங்க. எங்க ஆளுங்கள்லயே சிலர் அப்டி வாதாடுறாங்க. செலவுதான், ஒத்துக்குறேன். ஆனா பெரிய வெல குடுத்து சின்ன சம்பளத்துக்கு வர்ற ஆளத்தான் தேடுறீங்க. இருவது வயசு பையன், நாளைக்கு வெல ஏறும், இன்னைக்கு சம்பளம் கம்மி. இருவத்தேழு இருவத்தெட்டு வயசுல முழு ஆட்டக்காரனா இருக்குறவன் வாரத்துக்கு இவ்ளோ வேணும்னு கேட்டா அங்கயே பேச்சு நின்னு போயிடுது. பசங்கள வளக்குறது நல்லதுதான், பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்க பெரியவன் ஒருத்தன் வேணாமா?

2025 ஜனவரிய நான் விடவே மாட்டேன். டிபென்டருங்க ரொமேரோ காயம், வான் டி வென் காயம், கோல்கீப்பர் விக்காரியோ காயம், விண்டோ 1ஆம் தேதி தொறந்தாச்சு. கோல்கீப்பர் கின்ஸ்கி மட்டும் வந்தாரு. டிபென்சுக்கு ஆளில்ல. அந்த மாசம் லீக்ல நாலு ஆட்டம்: நியூகாசில், ஆர்சனல், எவர்டன், லெஸ்டர். நாலுலயும் தோல்வி. எவர்டன் ஆட்டத்துல ஆர்ச்சி கிரே, 18 வயசு, மிட்ஃபீல்டுக்குன்னு எடுத்த பையன், டிபென்ஸ் நடுவுல சென்டர் பேக்கா நின்னு ஓடுறான், ஓடுறான், முதல் பாதி முடியுற நேரத்துல பந்து அவன் மேல பட்டு நம்ம வலைக்குள்ளயே போயிருச்சு. 3-0. கேமரா அவன் மூஞ்ச காட்டுச்சு. என் மக கேட்டா, "ஏன்பா அந்த அண்ணன் அங்க நிக்குறாரு?" நான் என்னத்த சொல்றது? டிபென்டர் டான்சோ வந்து சேந்தது பிப்ரவரி 2. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? அந்த சீசன் 22 தோல்வி, 38 பாயிண்ட், 17ஆவது எடம்.

அதே டீம்தான் மே மாசம் பில்பாவோல யூரோப்பா லீக் கப்ப தூக்குச்சு. பிரென்னன் ஜான்சன் கோல், கோல் கோட்டுக்கு மேல வான் டி வென் காத்துல பறந்து பந்த எடுத்தது, சோன் அழுதுக்கிட்டே கப்ப தூக்குனது. 17 வருஷம் கழிச்சி ஒரு கப். மக ஸ்கூல் யூனிபார்ம்லயே சோபால உக்காந்து பாத்தா, தூங்குனா எந்திரிக்க முடியாதுன்னு முன்னாடியே போட்டுக்கிட்டா. ஆளுங்கள்ட்ட குறையில்ல. பணம் குடுத்து தாங்கிப்புடிச்சா இவங்க எங்க போயிருப்பாங்கங்குறதுதான் என் கேள்வி. 2001லேர்ந்து உங்க கையில இருக்கு, இத்தன வருஷத்துல ரெண்டே கப், 2008ல ஒன்னு, இது ஒன்னு.

சேர்மனா இருந்த லெவி 2025 செப்டம்பர்ல பதவிய விட்டு போயிட்டாரு. அக்டோபர்ல 100 மில்லியன் பவுண்டு புதுசா போட்டீங்க. நல்லது, மனசார நன்றி. ஆனா எல்லாத்துக்கும் அவரு ஒருத்தர்தான் காரணம்னு பழிய போட்டுட்டு அதே பழக்கத்தோட போயிடாதீங்க. பூட்ட மாத்திட்டா பெட்டிக்குள்ள பணம் வெளிய வராது.

நான் கேக்குறது இதுதான். ஏசியால லட்சக்கணக்குல நாங்க பாக்குறதுனாலதான் ஏசியா கம்பெனி பேரு 2014லேர்ந்து உங்க ஜெர்சி நெஞ்சுல இருக்கு, நூறு வெள்ளிக்கு மேல குடுத்து அத நாங்க வாங்குறோம், அந்த காசுல ஒரு பங்கு சம்பளமா திரும்பி களத்துக்கு வரட்டும். கேன் போனதுக்கு ஒரு வருஷம் ஆள் தேடுன மாதிரி இனிமே வேணாம், ஒருத்தன விக்குறதுக்கு முன்னாடியே அவன் இடத்துக்கு வர்றவன் கையெழுத்து போட்டிருக்கணும். ஜனவரில எடுக்கவேண்டிய ஆள ஜனவரி முதல் வாரத்துலயே எடுங்க. வெலைய பேசுங்க, நல்லா பேசுங்க, ஆனா பின்னாடி யாரு கூடையோட நிக்குறாங்கன்னு பாத்துட்டு பேசுங்க.

விண்டோ தொறக்குற ஜனவரி 1 எங்களுக்கு உங்கள விட எட்டு மணி நேரம் முன்னாடியே பொறந்துடும். அன்னைக்கு ராத்திரி வரைக்கும் போன கையிலயே வச்சிருப்பேன்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்லேர்ந்து ஒரு ஸ்பர்ஸ் ரசிகன்