டீச்சரம்மாவின் நோட்டுப் புத்தகங்களை மதித்த அனைவருக்கும் நன்றி

மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பெருமக்களுக்கு வணக்கம்.

ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக மட்டுமே நீங்கள் அறிந்திருந்த எங்கள் அம்மாவை, அவர் மறைந்த பிறகு, இவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுதியவராக ஏற்றுக்கொண்டு, அவருடைய நோட்டுப் புத்தகங்களுக்குப் பள்ளி நூலகத்தில் இடமளித்து, அந்த அறைக்கு அவர் பெயரையும் சூட்டியிருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்தார் அனைவரின் மனமார்ந்த நன்றியை இம்மடலின் வழி தெரிவித்துக்கொள்கிறேன்.

அம்மா பட்டம் பெற்ற ஆய்வாளர் அல்லர். பள்ளி முடிந்த மாலைகளில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, பெரும்பாலும் பெண்களிடமே பேசி, பெயர், பிறந்த ஊர், ஆள் சேர்த்து அழைத்து வந்த கங்காணி, பால் வெட்டிய ரப்பர் மர வரிசையான நிரை என ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்தார். "நாகப்பட்டினம், ரஜூலா கப்பல், கையில் ஒரு பித்தளைச் செம்பு" என்று ஒரு பக்கம் தொடங்குகிறது. மலாயாத் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்திவிட்டதால், அவர் எழுதத் தொடங்கியபோதே கப்பலேறி வந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டிருந்தது.

என்னைப் பொறுத்தவரை, அவருடைய எழுத்தில் மிகவும் மதிப்பு வாய்ந்தது சயாம் ரயில், அதாவது தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த ரயில் பாதை, பற்றிய பகுதியே. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டதை நாம் அறிவோம். அம்மா கேட்டதோ தோட்டத்திலேயே தங்கிவிட்ட மனைவியரை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பிள்ளைகளை வளர்த்ததையும், போனவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஆளில்லாமல் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தவித்ததையும் அவர்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தின் ஓரத்தில், "இன்றும் பொட்டு வைத்திருக்கிறார்" என்று மட்டும் ஒரு குறிப்பு உள்ளது.

அம்மா உயிரோடிருந்த காலத்தில் ஒரு நிறுவனம் இவற்றைக் குடும்பக் கதைகள் என்று கூறித் திருப்பி அனுப்பியது. தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிரசவமான எத்தனையாவது நாளில் ஒரு தாய் மீண்டும் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்றாள் என்பதெல்லாம் எந்த நிர்வாக அறிக்கையிலும் கிடைக்காது. அவற்றை விட்டுவிட்டு எழுதப்படும் தோட்ட வரலாறு அரைகுறையானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. நம்மூர்க்காரரும் அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன், பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதைக் கண்டு 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய செய்தி பாடநூலுக்கு வந்துவிடலாம். சீட்டுப் பணத்தை எடுத்து அதில் பங்கு வாங்கிய பெண்களின் பெயர்கள் அம்மாவின் நோட்டில்தான் இருக்கின்றன.

இந்த முயற்சியை முன்னெடுத்த தலைமையாசிரியருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும், மண்டபத்தை வாடகையின்றித் தந்த மாரியம்மன் கோயில் நிர்வாகத்தினருக்கும் நன்றி. ஒட்டிக்கொண்டிருந்த தாள்களை நீராவியில் காட்டி ஒவ்வொன்றாகப் பிரித்து, மங்கிய பென்சில் எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துத் தட்டச்சு செய்த இளையோரின் பொறுமைக்கு நான் என்றும் கடன்பட்டவள். பழைய நிரை எண்களை விளக்கிய ஓய்வுபெற்ற தோட்ட எழுத்தரான கிராணி ஐயாவுக்கும், மலாய்க் கடிதங்களைப் படித்து விளக்கிய பக்கத்து வீட்டு மலாய் அம்மையாரான மக்சிக்குக்கும், கண்காட்சிப் படங்களை அச்சிட்டுக் கொடுத்துப் பணம் வாங்க மறுத்த சீன அச்சகத்தாருக்கும் நன்றி. வேலை முடிந்த களைப்பிலும் பாய் விரித்து அம்மாவை உட்காரவைத்துப் பேசிய பாட்டிமார்களில் பலர் இன்று இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

சயாமுக்குப் போனவர்களின் பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே ஊரோ உறவோ குறிக்கப்படவில்லை. அதன் படி நூலகத்தில் உள்ளது. தங்கள் குடும்பத்துப் பெயரைக் கண்டவர்கள் தெரிந்த விவரங்களை அங்குள்ள பதிவேட்டில் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
டீச்சரம்மாவின் மகள்