எங்களை ஆடவைத்தவர்களுக்கு: லீடர்களின் நன்றி மடல்

புவெனஸ் ஐரிஸ் பிராக்டிகா நண்பர்களுக்கு,

வணக்கம். டாங்கோ ஜோடி நடனத்தில் லீடர் பாகம், அதாவது வழிநடத்தும் பாகம், ஆடுகிற நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம். முதல் நன்றி எங்களைப் பின்பற்றி ஆடும் ஃபாலோயர்களுக்கு. ‘நன்றாக இருந்தது’ என்று சொல்லி நழுவாமல், எந்த இடத்தில் என்ன இடித்தது என்று சொன்னீர்கள். மிலோங்காவில், அதாவது டாங்கோ நடன விருந்தில், யாரும் அப்படிச் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. பயிற்சிக் கூடலான பிராக்டிகா இருப்பதே அதற்குத்தான்.

நீங்கள் அதிகம் குறை சொன்னது எங்கள் வலது கையை. முதுகை அணைத்திருக்கும் அந்தக் கை தள்ளவோ திருப்பவோ கூடாது. அது அழுத்தினால் ஃபாலோயரின் அச்சு, அதாவது உடலின் நேர்நிலை, சாய்கிறது. விழாமலிருக்க அவர் காலை அவசரமாக ஊன்றுகிறார். லீடரோ, ஃபாலோயர் இசையை முந்துகிறார் என்று எண்ணிக்கொள்கிறார்.

ஃபாலோயர் ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே வைக்கும் குருசேயில் இது பளிச்சென்று தெரியும். லீடர் இடப்பக்கம் ஒரு படி வைத்தபின், வலது காலை ஃபாலோயரின் வலப்புறத்துக்கு வெளியே முன்னோக்கி வைக்கிறார். அப்போது மார்பு சற்றே வலப்பக்கம், ஃபாலோயரைப் பார்த்தபடி இருக்கும். அடுத்து இடது கால் முன்னே போகிறது. அதனுடன் வலது கால் வந்து சேரும்போதுதான் மார்பு நேராக வேண்டும். ஃபாலோயரின் இடது கால் வலது காலுக்கு முன்னால் குறுக்கே வருவது அந்தத் திருப்பத்தால்தான். ஒரு படி முந்தித் திருப்பினால், எடை முழுதாக இறங்காத காலின்மேல் அவர் தடுமாறுவார். பழகிய ஃபாலோயர்கள் லீட், அதாவது லீடரின் உடல் தரும் குறிப்பு, வராமலே காலைக் குறுக்கிட்டுவிடுவதால் பல லீடர்களுக்குத் தங்கள் பிழை தெரிவதே இல்லை. லீட் வராதவரை குறுக்கிட மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றீர்களே, அதற்குத் தனி நன்றி.

ஃபாலோயர் எட்டு வடிவில் திரும்பித் திரும்பி நடக்கும் ஓச்சோவிலும் அதே கணக்குதான். ஃபாலோயரின் எடை ஒற்றைக் காலில் முழுதாக இறங்கிய பிறகே மார்பு திரும்ப வேண்டும். இரண்டு காலுக்கும் நடுவில் எடை இருக்கும்போது திருப்பினால் பிவட், அதாவது ஒற்றைக் காலில் சுழல்வது, சிக்கிக்கொள்ளும்.

எங்களைப் பிடித்து ஃபாலோயர் பாகம் ஆடவைத்த மூத்தவர்களுக்கும் நன்றி. 1940களில் இந்த ஊரில் ஆண்கள் தங்களுக்குள்ளேயே பயிற்சி செய்தார்கள். புதிதாக வந்தவர் முதலில் ஃபாலோ செய்யத்தான் கற்றார். அந்த முறையைக் கைவிட்டது இழப்பு என்றே நினைக்கிறோம். லீடரின் மூச்சு, தயக்கம், வயிற்றின் இறுக்கம் எல்லாம் எதிரே நிற்பவருக்கு எவ்வளவு துல்லியமாக எட்டுகிறது என்பது அந்தப் பக்கம் நின்றால்தான் புரிகிறது.

அடிப்படை வரிசையான 8 படி பாசிக்கோவின் முதல் படியை வெட்டச் சொன்னவர்களுக்கும் நன்றி. அது லீடர் பின்னோக்கி வைக்கும் படி. ஜோடிகள் தளத்தைச் சுற்றிவரும் வரிசையான ரோண்டா கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகர்கிறது, பின்னால் அடுத்த ஜோடி வந்துகொண்டிருக்கும். பக்கவாட்டுப் படியில் தொடங்கினால் யார் காலும் மிதிபடாது.

டி.ஜே. நண்பருக்கு: டாங்கோ இசைக்குழுத் தலைவர்களில் நடைக்கு கார்லோஸ் டி சார்லியை விட்டால் ஆள் இல்லை. தாளம் பிசகாமல் காலை ஊன்ற டாரியென்சோ. புக்லியேசேயைக் கடைசியில் வைத்ததும் சரிதான். அந்த இடைநிறுத்தங்களில் அசையாமல் நிற்க அச்சு உறுதியாக இருக்க வேண்டும்.

ரப்பர் அடியை எடுத்துவிட்டுத் தோல் அடி வைத்துத் தந்த செருப்புத் தொழிலாளியையும் விடக் கூடாது. ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டால் பிவட்டின் முறுக்கம் முழுதும் முழங்காலுக்குப் போகும்.

மோலினெத்தே மட்டும் பாக்கி. முன், பக்கம், பின், பக்கம் என்று ஃபாலோயர் சுற்றிவரும்போது அந்தப் பின்படியில்தான் எங்கள் மார்பு இன்னும் பின்தங்குகிறது. நடுவில் நிற்க வேண்டிய லீடர் ஒரு சாண் விலகினாலும் ஃபாலோயர் ஓட வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் அதையே எடுத்துக்கொள்வோம், வழக்கம்போல் தயவு காட்டாமல் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
பிராக்டிகாவின் லீடர்கள்