கூடையே மேசையான வீடுகள்: அயர்லாந்தின் கால்வேயில் வாழும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

"இந்த ஊர்க்காரர்களுக்கு உருளைக்கிழங்கை விட்டால் வேறொன்றும் தெரியாது" என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த வரி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதைப் பலரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கிழங்கு வருவதற்கு முன் அயர்லாந்துக் கிராமங்கள் பாலையும் ஓட்ஸையும் நம்பி வாழ்ந்தன. பால், தயிர், வெண்ணெய் முதலியவற்றை ‘வெள்ளை உணவு’ என்றே தம் மொழியில் அழைத்தார்கள். நிலம் பிறர் கைக்குப் போய், குத்தகையும் ஏறி, ஏழைக் குடும்பத்துக்குத் துண்டு நிலமே மிஞ்சியபோது, அந்தச் சிறு இடத்தில் எல்லோர் வயிற்றையும் நிரப்பும் பயிராக உருளைக்கிழங்கு ஒன்றுதான் இருந்தது. வளர்த்த பன்றியும் கடைந்த வெண்ணெயும் பெரும்பாலும் குத்தகைப் பணமாகிவிட, வீட்டுக்கு மிஞ்சியவை கிழங்கும் மோரும்.

நண்பகல் உணவுதான் அங்கே பெரிய உணவு. சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் என்னும் மட்கிய தாவர மண்கட்டிகள் எரியும் அடுப்பில், மூன்றுகால் இரும்புப் பானையில் தோலோடு வெந்த கிழங்கை அகன்ற கூடையில் கொட்டி வடித்து, அந்தக் கூடையை அதே பானையின் வாய்மேல் வைத்துவிட்டால் அதுவே மேசை. ஆவி பறக்கும் கூடையைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்து கையால் சாப்பிடும். தோலை உரிப்பதற்கென்றே கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்தவர்களும் உண்டு. தொட்டுக்கொள்ள உப்பு, மரக்குவளையில் மோர், வாய்த்தால் உப்பிட்ட ஹெர்ரிங் மீன். கூலி வேலை செய்யும் ஆண் ஒருவர் நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ வரை கிழங்கு உண்டார். சில வீடுகளில் கிழங்கின் நடுப்பகுதியை வேண்டுமென்றே வேகாமல் விட்டு, அதற்கு ‘எலும்பு’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். மெதுவாகச் செரித்தால் பசி தாங்கும் அல்லவா?

அந்த மோர் வெண்ணெய் எடுத்த, உண்மையான கடைந்த மோர். கடையும் நேரத்தில் வீட்டுக்குள் வருபவர் யாராக இருந்தாலும் மத்தைப் பிடித்து ஒரு முறையாவது கடைந்துவிட்டே போக வேண்டும். இல்லையென்றால் வீட்டு வெண்ணெய் அவரோடு போய்விடும் என்று நம்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் சமையல் சோடா பரவியதும், அதே மோரின் புளிப்பைக் கொண்டு ஈஸ்ட் இல்லாமலே ரொட்டியை உப்ப வைத்தார்கள். நீ விரும்பிச் சாப்பிடும் சோடா ரொட்டி அப்படிப் பிறந்ததுதான்.

1845இல் கருகல் நோய் கிழங்கை அழுகச் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டார்கள். மேலும் 10 லட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். அதே ஆண்டுகளில் தானியமும் கால்நடையும் அந்த நாட்டிலிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. வேறொன்றும் தெரியாமல் அவர்கள் கிழங்கைத் தின்னவில்லை, அம்மா. வேறொன்றும் அவர்களுக்கு விட்டுவைக்கப்படவில்லை.

1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஏறக்குறைய 50,000 பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு, பெரியவர்கள் சொன்ன பழைய வழக்கங்களை எழுதி வாங்கியது. அந்தக் காலத்துச் சாப்பாடும் அதில் ஒரு தலைப்பு. அந்த ஏடுகள் இன்று இணையத்தில் இருக்கின்றன. கால்வே மாவட்டப் பக்கங்களைப் படித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்